இன்னும் கொஞ்சம் ஏத்தணும்

ஊருக்கு ஊர், வண்டியை உயரமாக ஏத்திக்கொண்டே இருக்கும் ஓர் ஏத்துவார் இருப்பார். தேடிப் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே, வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, கால் இரண்டும் மட்டும் வெளியே தெரியக் கிடப்பார். அவருக்கு ஒரு பயணம் இருக்கிறது. பெரிய பயணம். அதற்காகத்தான் வண்டியைத் தயார் செய்கிறார். எப்போது கிளம்புவார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மற்றபடி தங்கமான மனிதர்.

திண்டுக்கல்லில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்த இருதயநாதன் இந்த இனத்தின் அசல் வித்து. தொண்ணூற்றெட்டில் ஒரு பிக்கப் வாங்கினார். பகலெல்லாம் அது அகரத்துக்கும் அய்யலூருக்கும் புண்ணாக்கு மூட்டை சுமக்கும். ஒரு சாயங்காலம் கேபிள் டிவியில், அதே மாதிரி ஒரு பிக்கப்பில் அடுப்பும் படுக்கையும் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பாலைவனத்தைக் கடப்பதைப் பார்த்தார். முடிந்தது கதை. நாமும் போகிறோம் என்றார் மனைவி ரோசலினிடம். லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது, வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம், முதலில் வேளாங்கண்ணி, அங்கிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி.

ரோசலினுக்குக் கன்னியாகுமரி வேண்டாம். வேளாங்கண்ணி போதும். மகள் ஐரின் பிறந்த கையோடு மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் முதல் முடியை மாதா கோயிலில் இறக்குகிறேன் என்று நேர்ந்திருந்தாள். அதுவரை அந்தத் தலையில் கத்தரி படக்கூடாது. பஸ்ஸில் போய் வந்துவிடலாமே என்றால், சொந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸிலா என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். வண்டி ரெடியாகட்டும் என்பார்.

முதலில் பெரிய டயர் போட்டார். டயர் பெருத்ததும் மட்கார்டில் உரசியது, அதனால் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை வைத்து வண்டியைத் தூக்கினார். தூக்கியதும் வளைவில் ஆட்டம் கொடுத்தது, அதற்கு ஒரு கம்பி போட்டார். கம்பி போட்ட கையோடு, காட்டெருமை மோதினாலும் அசையாத ஒரு பம்பர். பம்பர் மொட்டையாக இருக்கிறதே என்று பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு. திண்டுக்கல்லில் ஏதய்யா பனிமூட்டம்? சோதித்துப் பார்க்கக் கொடைரோடு வரை போனார். அங்கே நின்று மலையை அண்ணாந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஏத்தணும் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

ஏற்றுவது என்றால் அவருக்கு உயிர். இறக்குவது என்ற பேச்சே ஆகாது. வண்டி ஏறிக்கொண்டே போனது, கடையில் மூட்டை தூக்கும் பொம்மையனின் இடுப்பு போனது, ரோசலின் முன் சீட்டில் உட்கார முக்காலி தேவைப்பட்டது. இந்தப் பக்கம் ஐரினின் முடி இறங்கிக்கொண்டே வந்தது. தோள், முதுகு, இடுப்பு. காலையில் உலை வைப்பதா, பேன் பார்ப்பதா என்று ரோசலின் புலம்பாத நாளில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. அடுத்த மே மாதம் ஐரினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், முக்காடு, பூமுடி, போட்டோ. மழுமழு மொட்டையில் பூமுடி நிற்குமா? இந்தச் செப்டம்பர் மாதா திருநாளுக்கு முடி இறக்கினால், மே மாதத்துக்குள் கொஞ்சமாவது வளர்ந்துவிடும். இதை விட்டால், அடுத்த வருஷம் மொட்டை போட அவள் சம்மதிக்கவே மாட்டாள், நேர்ச்சை காலத்துக்கும் நெஞ்சில் உறுத்திக்கொண்டு கிடக்கும். ரோசலின் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

இருதயநாதன் தேதி குறித்தார். நம்புங்கள், குறித்தார். கிளம்புவதற்கு முந்தின நாள், வீட்டை ஒட்டிய வண்டி ஷெட்டுக்குள் வைத்தே கேபினுக்கு மேல் ஒரு கேரியரும், அதன் உச்சியில் வரிசையாக விளக்குகளும் வெல்டிங் வைத்தார். மறுநாள் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பக்கத்து வீட்டு சர்புன்னிசா வழிக்கு முறுக்கு கொடுத்தாள். இருதயநாதன் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்.

டங்.

ஷெட்டின் உள்ளே கூரை உயரம். வாசலில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம் தாழ்வு. கேரியர் அதில் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று விரல் அளவுதான் இடித்தது.

"டயர்ல காத்த கொஞ்சம் எறக்குங்க. வெளிய எடுத்துட்டு மறுபடி அடிச்சுக்கலாம்" என்றாள் ரோசலின். சாமியாரும் தலையாட்டினார்.

கோயில் மணியை விற்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார் இருதயநாதன். "அம்புட்டுப் பாடுபட்டு ஏத்துன வண்டி. எறக்கச் சொல்றியே."

"எறக்கணும்னு நான் நேந்தது பிள்ள முடிய. வண்டிய இல்ல."

"செத்த நேரம் பொறு. ஷெட்டை ஏத்திப்புடுவோம்."

ரோசலின் பொறுக்கவில்லை. ஒரு கையில் பை, மறு கையில் ஐரின், நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ் என்ன செய்தது? போயிற்று. மூச்சிரைத்தது, குலுங்கியது, வேளாங்கண்ணியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இத்தனை வருஷமும் இவ்வளவுதானா காரியம் என்று தோன்றியதும் ரோசலினுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐரினின் மடி நிறைய முடி விழுந்தது.

திரும்பி வந்தபோது ஷெட் உயர்ந்திருந்தது. வண்டியும் வெளியே வந்திருந்தது, தெருமுனை வரைக்கும். அங்கே தெருவின் குறுக்கே தாழத் தொங்கிய கேபிள் வயருக்குக் கீழே ஏணி போட்டு நின்றிருந்தார் இருதயநாதன். சந்தனம் பூசிய மகளின் தலையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது.

"ரெண்டு நாள் பொறுத்திருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்ல. இந்த வயர மட்டும் கொஞ்சம் ஏத்தணும்."

ஐரின் தன் மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஏத்துங்கப்பா. புதுநன்மைக்கு நாங்க நடந்தே கோயிலுக்குப் போயிக்கிறோம்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், எல்லாம் ரெடியாகட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டு வைத்திருக்கிற அந்தக் காரியத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்புறம் மெதுவாக வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே யாருடைய முடியோ இடுப்பைத் தாண்டியிருக்கும்.