எல்லா லிங்க்கும் பாத்தாச்சு

சோம்பேறிக்கு வாய் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கும். 'பாத்தாச்சு' என்ற ஒரே சொல்லை வைத்து வருடக்கணக்கில் சம்பளம் வாங்கியவன் நான்.

ராமநாதபுரத்தில், கல்யாண மண்டபங்களுக்கு எல்.இ.டி. திரை வாடகைக்கு விடும் கடையில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை (பார்த்துக்கொள்வதாக நான்தான் சொல்லிக்கொள்வேன்). முதலாளியின் மகள் தேன்மொழி அங்கேயே டிசைனர். அவள் செய்யும் வரவேற்புப் படங்கள் சர்வரில் இருக்கும். எந்தத் திரைக்கு எந்தப் படம் என்று வழிகாட்டுவது லிங்க். சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்ததும், பழைய ஃபோல்டருக்குப் போகும் லிங்க் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடி அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் புது மென்பொருள் அதன் பின்னாலேயே போய்ப் பழைய படத்தைத் திரையில் போட்டுவிடும்.

நான் இரண்டைத் திறந்தேன். சரியாகத்தான் இருந்தன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எழுந்துவிட்டேன்.

"பழைய லிங்க் எல்லாம் பாத்தீங்களா?" என்றாள் தேன்மொழி.

"பாத்தாச்சு."

"டெஸ்ட்டுக்குன்னு நான் போட்டு வச்சதையுமா?"

"ஒண்ணு விடாம."

"ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணும்? எல்லாம் குப்பை. அழிச்சிட்டேன்."

அவள் முகம் வாடிவிட்டது (வேர்க்கிறது போல என்று ஏ.சி.யைக் கூட்டி வைத்தேன். அவ்வளவு அறிவு!).

புதுப்பித்த பிறகு வந்த முதல் கல்யாணம், தொண்டியில் முதலாளியின் தங்கை மகனுக்கு. மாப்பிள்ளை அழைப்பு. மேளம், வேட்டு, பூ ஜோடித்த கார். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு திரை. ரிமோட்டை நானேதான் அழுத்தினேன்.

திரையில் நான்!

அய்யய்யோ! கோட்டு சூட்டு போட்ட நான். பக்கத்தில் பட்டுச்சேலையில் தேன்மொழி. கீழே 'மணமக்கள் செல்வம் – தேன்மொழி'. சுற்றிலும் இதயங்கள் வேறு கண்சிமிட்டின. என்னிடம் கோட்டே கிடையாது.

மேளம் நின்றது. மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "மாமா, இது யாரு கல்யாணம்?" என்றார்.

முதலாளி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஏலே, சோறு போட்ட வீட்டுலயே கைய வைக்கிறியா?"

"எங்கம்மா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி!"

வேலை போய்விட்டது, பல்லாவது மிஞ்சுமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேன்மொழி வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப, நீங்க இத அழிக்கவே இல்லையா?"

"எத?"

"பாக்கவே இல்லையா?" கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. அப்பாவிடம் திரும்பினாள். "அவர விடுங்க அய்யா. நான்தான் செஞ்சு வச்சேன். இவரு கண்ணுல படட்டும்னுதான் வச்சேன்."

முதலாளியின் பிடி தானாகத் தளர்ந்தது. மாதக்கணக்கில் அந்தப் படம் அங்கே இருந்திருக்கிறது. நான் அதன் எதிரே உட்கார்ந்து வடை தின்றிருக்கிறேன்!

பெண்ணைக் கொடுத்தார் (ஊரே பார்த்துவிட்ட பிறகு வேறு மாப்பிள்ளைக்கு எங்கே போவது?). ஆனால் திரைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் திரை கிடையாது. துணி பேனர்தான். "இதுல படம் மாறாதுல்ல?" என்று இழுத்துக் கட்டினார்.

இன்றும் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து நான் "பாத்தாச்சு" என்றால், மாமனார் எழுந்து போய் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

"தொண்டியே பாத்துச்சு. இவரு ஒருத்தருதான் பாக்கல" என்பாள் தேன்மொழி.