இங்கிலாந்திலிருந்து வராத பம்பர்

பெறுநர்:
ஆசிரியர், தென் கேன்டர்பரி இரட்டை இருக்கை கார் சங்க மாத இதழ்,
டிமாரு.

மதிப்பிற்குரிய ஹெஸ்டர் மெக்காஸ்கில் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் மரியாதையை விட்டுவிட முடியாது என்பதால், முதலில் தங்கள் முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்துக்கொள்கிறேன். சென்ற கூட்டத்துக்குத் தாங்கள் கொண்டுவந்த சீஸ் ரோல் நன்றாக இருந்தது. எனக்குக் கிடைத்தது கருகிய ஓரம்தான் என்றாலும் நன்றாகவே இருந்தது. வைப்பர் பிளேடுகள் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பாதியாக வெட்டிப் பிரசுரித்ததையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வெட்டி எறிந்த பாதிதான் நல்ல பாதி என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இம்மாத இதழின் அட்டையில் ஒரு பச்சை வண்டியின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, "இங்கிலாந்துத் தொழிற்சாலை மிகச் சிலவே செய்த அபூர்வ முன் பம்பர்" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். தொழிலாளர் தின விடுமுறையில் நாம் டெக்காப்போ ஏரிக்குப் போகும்போது அந்த வண்டிதான் எல்லோருக்கும் முன்னால் செல்லும் என்றும், வரும் வியாழக்கிழமை செயற்குழு அதை உறுதி செய்யும் என்றும் உள்ளே செய்தி. முன்னால் செல்லும் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் விதி. சங்கத்தைத் தொடங்கிய கிளாரி ஒகில்வி, அதாவது என் மாமனார், தம் கையால் எழுதிய விதி. தலைமைப் பரிசோதகர் என்ற முறையில் அதைக் காப்பது என் கடமை. அம்மையாரே, அந்த பம்பர் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. அது டிமாருவில், என் வீட்டு கராஜில், என் கொழுந்தியாள் மோயாவால் செய்யப்பட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். எனவே வியாழக்கிழமை செயற்குழு அந்த வண்டியின் பெயரை நீக்க வேண்டும். இதை நான் ஒளிந்துகொண்டு எழுதவில்லை. ஒரு குழாய்க் கிளிப்புக்காக அரை மதிப்பெண் குறைத்த பரிசோதகரை, அதாவது என்னை, "கிளிப் கமிஷனர்" என்று கிண்டலடித்து, கீழே "ஓர் உறுப்பினர்" என்று மட்டும் போட்டுக்கொண்ட அந்தக் கோழையின் கடிதத்தைத் தாங்கள் ஒரு வரி விடாமல் பிரசுரித்தீர்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல. என் பெயர் இதன் அடியில் முழுதாக இருக்கும்.

மோயாவைத் தங்களுக்குத் தெரியும். ஸ்டாஃபோர்டு தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். தங்கள் தலையில் இருக்கும் அந்த வெள்ளிக் கீற்றுகளும் அவள் கைவேலைதான் என்று நினைக்கிறேன். என் மாமனாரின் பச்சை வண்டியை ஞாயிறுதோறும் கழுவியவன் நான். சக்கரக் கம்பிகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தவன் நான். அவர் இறந்தபோது வண்டி மோயாவுக்குப் போனது. எனக்கு அவருடைய காற்றழுத்தமானி வந்தது. அன்று முதல் இன்றுவரை அது "வானிலை மாறலாம்" என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. என் மனைவி ஜனைனிடம் குறைபட்டுக்கொண்டேன். "அப்பா ஆளுக்கேத்த மாதிரிதான் குடுத்திருக்கார்"னு சொல்லிட்டு அவள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் அதே வருடத்து வண்டியைப் பழுப்பு நிறத்தில் வாங்கினேன். பச்சை கிடைக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஃபேர்லி சாலையில் ஒரு செம்மறிக் கிடா மோயாவின் குறுக்கே வந்தது. கிடா எழுந்து நடந்து போய்விட்டது. பம்பர்தான் கிழிந்தது. அந்தக் காலத்து மோதல் பாதுகாப்புச் சட்டத்துக்காக நம் வண்டிகளின் மூக்கில் மாட்டிய அந்தக் கறுப்பு ரப்பர் மூட்டை தங்களுக்குத் தெரியாததல்ல. இங்கிலாந்துக்கு எழுதி அதே போல் இன்னொன்று வரவழைக்கச் சொன்னேன். மோயா கேட்கவில்லை. "ரோட்டுல கெடக்குற கடல்நாய் மாதிரி இருந்துச்சு வாத்தியாரே. இத்தன வருஷமா அப்பாவுக்கும் புடிக்கல, எனக்கும் புடிக்கல. அப்பா வண்டி டெக்காப்போவுக்கு மொதல்ல போகணும். ஆனா நல்ல மூஞ்சியோட போகணும்" என்றாள். வாத்தியாரே என்று அவள் கூப்பிடுவது மரியாதையால் அல்ல. நான் லத்தீன் கற்பித்தவன். பள்ளி லத்தீனை நிறுத்திவிட்டு என்னை நூலக மேஜையில் உட்கார வைத்த பிறகுதான் அவள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். போகட்டும். அந்த ரப்பர் பம்பரை நானும் அழகு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரியானது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அவள் கராஜில் பழைய சலூன் நாற்காலிகள் அடைந்து கிடந்ததால் வண்டி என் கராஜுக்கு வந்தது. கிழிந்த ரப்பரைக் கழற்றினோம். உள்ளே இருந்த இரும்புச் சட்டம் நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. மோயா முதலில் குனிந்து சட்டத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து பீய்ச்சினால் நுரைத்துப் பெருகிக் கெட்டியாகுமே, அந்த நுரையை வண்டியின் மூக்கில் அடித்தாள். "போதும் மோயா" என்றேன். "கடையில சவரி வெக்கிற மாதிரிதான், கொஞ்சம் கூட வெச்சுட்டு அப்புறம் வெட்டிக்கணும்" என்று இன்னொரு டப்பா அடித்தாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நுரை பெருகி, அலமாரி வரை போய், என் தோட்டத் தொப்பியை உள்ளே இழுத்துக்கொண்டு இறுகியிருந்தது. அந்தத் தொப்பியைச் சுற்றித்தான் பம்பரின் இடது முனை செதுக்கப்பட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஜனைனின் ரொட்டிக் கத்தியால் செதுக்கினாள். அவள் செதுக்கியதைப் பார்க்க வேண்டுமே அம்மையாரே! முன்நெற்றி முடியை வெட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் விரலால் பிடித்து இழுத்து, கண்ணாடியில் சமமா என்று பார்ப்பார்களே, அதே போல் வண்டியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்ப்பாள். பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு சீவல் சீவுவாள். மறுபடி பின்னால் போவாள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்குக்கு ஒரு கோடு மெல்ல இறங்கி ஏறியது. அந்த வண்டியை வரைந்தவர் மனதில் அந்தக் கோடு முதலிலிருந்தே இருந்திருக்கும், சட்டத்துக்குப் பயந்து ரப்பரை வைத்து மூடியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் வெளியே சொல்லவில்லை. "இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் ஒன்று. அட்டைப் படத்தில் எல்லோரும் வியக்கும் அந்த வாய் இருக்கிறதே, நம்பர் பலகைக்குக் கீழே, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்ட மாதிரி லேசாகத் திறந்திருக்கும் வாய், அது என்னுடையது. மோயா முகத்தை வழவழவென்று மூடிவிட்டிருந்தாள். "ரேடியேட்டருக்குக் காற்று எப்படிப் போகும்? ஃபேர்லி ஏற்றம் தாண்டுவதற்குள் கொதித்துவிடும்" என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அடப்பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எங்க தொறக்கணும், கோடு போடு" என்றாள். போட்டேன். அளக்காமலே போட்டேன். அப்படியே வெட்டினாள். இரண்டு பேரும் பின்னால் போய் நின்று பார்த்தோம். "வாத்தியாரே, இந்த மூஞ்சியக் கெடுக்காம விட்டியே, அதுவே பெரிசு" என்றாள். பல வருடங்களில் அந்தக் குடும்பத்தில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அடுத்தது அச்சு. செதுக்கிய வடிவத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போட்டு ரெசின் என்ற பிசினைப் பூசி இறுக விட்டால் அச்சு கிடைக்கும். அச்சுக்குள் அதே போல் பூசினால் பம்பர் கிடைக்கும். ஒட்டாமல் இருக்க முதலில் மெழுகு தடவ வேண்டும். அதற்கென்று விற்கும் மெழுகை வாங்கச் சொன்னேன். மோயா கடையிலிருந்து ஆண்கள் தலைக்குத் தடவும் மெழுகை எடுத்து வந்து, "இது எந்த மண்டையிலயும் ஒட்டுனதில்ல" என்றாள். ஐஸ்கிரீம் டப்பாக்களில் ரெசினைக் கலந்து, தலைக்குச் சாயம் பூசும் பிரஷ்ஷால் இரண்டு பேரும் பூசினோம். அன்றைக்குப் பார்த்து மலையைத் தாண்டி வடமேற்குக் காற்று வந்து சேர்ந்தது. அது வந்தால் டிமாருவில் நாய்கூடக் கடுகடுப்பாக இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். கராஜ் அடுப்பாகிவிட்டது. தலைமெழுகு உருகி ஓடிவிட்டது. டப்பாவில் மீந்த ரெசின் புகைய ஆரம்பித்தது, அதை நான் தூக்கிக்கொண்டு ஓடித் தோட்டத்தில் கொட்டியதில் ஜனைனின் பட்டாணிக் கொடி போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் அச்சு வண்டியின் இரண்டு கன்னத்தையும் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. தட்டிப் பார்த்தோம், ஆப்பு வைத்துப் பார்த்தோம், நான் லத்தீனில் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். மாமனாரின் வண்டி முகத்தில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நின்றது. மோயா படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா வண்டியக் கெடுத்துட்டேன்ல?" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

எனக்கு அவள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், சூடு பிடித்ததைக் குளிர் விடுவிக்கும் என்று சொன்னேன். இரும்பு ஒரு அளவில் சுருங்கும், இழை வேறொரு அளவில் சுருங்கும். சொல்லி முடிப்பதற்குள் அவள் சாவியை எடுத்துவிட்டாள். ஸ்டாஃபோர்டு தெரு முழுக்க ஜனம் நின்று பார்க்க, முகத்தில் அந்தக் கட்டோடு, துறைமுகத்து மீன் குளிர்க் கிடங்குக்குப் போனோம். மேலாளர் ஃபெலெட்டி அவளிடம்தான் முடி வெட்டிக்கொள்பவர்.

"மோயா, இது கார். நாங்க மீன் மட்டும்தான் வெப்போம்."

"மீனுன்னே நெனச்சுக்கோ ஃபெலெட்டி. வாயத் தொறந்துகிட்டுத்தானே இருக்கு."

"இந்தாளு யாரு?"

"இவர் எங்க அக்கா புருஷன். இவரையும் உள்ள வெச்சா கொஞ்சம் குளிர்ந்தாலும் குளிர்வாரு."

மீன் பெட்டிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் வெளியே நின்று ஃபெலெட்டியின் இறைச்சி பஃப்ஸைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம். அச்சு தானாகக் கழன்று பனித் தரையில் கிடந்தது. கொஞ்சம் பச்சைப் பெயின்ட்டைத் தவிர எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மோயா என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது. அந்த அச்சைக் கிடங்கின் வெளிக்கொட்டகையில், காலி மீன் பெட்டிகளின் மேல் வைத்து, அதிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக வார்த்தெடுத்தாள். "ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு" என்றாள். வீண் செலவு என்று கண்டித்தேன்.

பெயின்ட் அடித்தும் மீன் வாசனை போகவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நம் செயலாளர் மர்டோ மண்டியிட்டு பம்பரை முகர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "கப்பல் வாசன. இது இங்கிலாந்துலேர்ந்து வந்த சரக்கு. எங்கேர்ந்து புடிச்ச மோயா?" என்றார். மோயா பொய் சொல்லவில்லை. "தொறமுகத்துலேர்ந்துதான் வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். மர்டோ தொழிற்சாலை வரலாறே பேச ஆரம்பித்துவிட்டார். "இந்த வாயப் பாருங்க, இப்படி ஒரு வாய் நம்ம ஊர்க்காரனுக்கு வருமா?" என்று என் தோளைத் தட்டி என்னையே கேட்டார். தாங்கள் படம் எடுத்தீர்கள். நான் கையில் டீக்கோப்பையோடு நின்றேன். என் வாயை இங்கிலாந்து எடுத்துக்கொண்டு போவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு முடி திருத்துபவளும் ஒரு வாத்தியாரும் ரொட்டிக் கத்தியால் செய்தது என்று எவனாவது ஒருத்தன் சொல்ல வேண்டாமா? அந்தக் கோட்டை எந்தத் தொழிற்சாலையும் போட்டுவிட முடியாது, ஹெஸ்டர்! நானே பரிசோதகர், நானே சொல்கிறேன், நம் சங்கத்தில் அதைவிட அழகான முகம் ஒன்றும் கிடையாது. ஆனால் விதி விதிதான். பெயரை நீக்குங்கள்.

தங்கள் முழங்கால் விரைவில் படியேறட்டும். தங்கள் கணவருக்கும், அந்த எண்ணெய் ஒழுகும் நீல வண்டிக்கும் என் அன்பு. சங்கம் நீடூழி வாழ்க, மர்டோவுக்கு மூக்கு சரியாகட்டும்.

பி.கு.: தபால்தலை என் பழுப்பு வண்டியின் டாஷ்போர்டு அறையில் இருப்பது நினைவுக்கு வந்து கராஜுக்குப் போனேன். என் வண்டிக்கு மூக்கில்லை. மோயா கீழே படுத்திருந்தாள். அந்த இரண்டாவது பம்பர் பழுப்பு பூசி, துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. "நல்ல நேரத்துல வந்த வாத்தியாரே, அந்தப் பக்கம் புடி" என்றாள். பிடித்தேன். மாட்டி முடித்துப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். என் வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் மூட்டையை ஜனைன் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அதில் மண் நிரப்பிப் பட்டாணி போடப் போகிறாளாம். எனவே மேலே கோரியதைத் திரும்பப் பெறுகிறேன். மோயா முன்னால் போகட்டும். அவளுக்கு அடுத்தபடியாக ஒரு பழுப்பு வண்டி வரும். மர்டோ கேட்டால் அதன் பம்பரும் துறைமுகத்திலிருந்துதான் வந்தது. இந்தக் கடிதத்தைத் தாங்கள் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்த வாயைப் பற்றிய பத்தி நன்றாக வந்திருக்கிறது. பயணம் முடிந்து அடுத்த இதழில் அதை மட்டும், ஒரு வரியும் வெட்டாமல் போடவும். கீழே "ஓர் உறுப்பினர்" என்று இருந்தால் போதும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.