கவரைக் கழற்றாமலே கண்டுபிடிப்பவர்

மனித குலத்தில் ஒரு தனிப் பிரிவினர் உண்டு. எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும், அதன் மூடியைக் கழற்றாமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் உறுமுகிறதா? ஃபிரிட்ஜ் நடுங்குகிறதா? மின்விசிறி முனகுகிறதா? நீங்கள் அழைக்க வேண்டியதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவராகவே வந்து நிற்பார். முதலில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். பிறகு தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, ஏதோ தூரத்துக் கச்சேரியைக் கேட்பதுபோல் உதட்டைக் குவித்து, ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்துவார்.

விரல் உயர்ந்துவிட்டால் தீர்ப்பு தயார்.

அவரிடம் ஸ்பானர் இருக்காது. ஸ்பானர் வைத்திருப்பவர்கள் சந்தேகப் பிராணிகள், கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார்கள். இவருக்கு நம்பிக்கை பிறவியிலேயே வந்தது. "இது எல்லா வண்டிக்கும் வர்றதுதான்", "கம்பெனிக்காரனுக்கே இது தெரியாது", "நான் அப்பவே சொன்னேன்" என்ற மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஓர் ஆயுள் முழுவதையும் ஓட்டிவிடுவார்.

எனக்கு இந்த இனத்தைப் பற்றிய ஞானம் வெளியிலிருந்து வந்ததல்ல. என் அக்காவைக் கட்டிக்கொண்டவரே இந்த இனத்தைச் சேர்ந்தவர்தான். அத்தான் தொழிலில் பல் வைத்தியர். கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும். வாயைத் திறக்காத எந்த நோயாளிக்கும் அவர் வைத்தியம் பார்த்ததில்லை. "நல்லா ஆ காட்டுங்க, இன்னும், இன்னும்" என்று தாடை கழலும்வரை விடமாட்டார். அதே மனிதர், இயந்திரம் என்று வந்துவிட்டால், அது வாயைத் திறப்பதை அவமானமாகக் கருதுவார்.

அக்காவுக்குப் பேரிக்காய்த் தோட்டம். தோட்டம் பள்ளத்தில், சாலை மேட்டில். நடுவே இருக்கும் சரிவில் லாரி இறங்காது. பறித்த காயை மேலே ஏற்றுவது ஒரு நாலு சக்கர வண்டி. ஏடிவி என்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு இருக்கும் கைப்பிடியும் டிராக்டருக்கு இருக்கும் பிடிவாதமும் அதற்கு உண்டு. கியர் மாற்றுகிற வேலை கிடையாது. இன்ஜின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி, இரண்டையும் இணைத்து ஒரு தடித்த ரப்பர் பெல்ட். இவை மூன்றும் சேர்ந்ததுதான் அதன் கிளட்ச். எல்லாம் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். கவருக்கு எட்டு போல்ட்.

எட்டே எட்டு.

அன்று மாலை நான்கு மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு. அதை விட்டால் அடுத்த லாரி எட்டு நாள் கழித்துத்தான். பேரிக்காய் எட்டு நாள் பொறுக்குமா? முப்பது பெட்டி பாக்கி, இரண்டு நடை. மதியம் ஒரு மணிக்கு முதல் நடை கிளம்பி, சரிவில் பாதி ஏறியதும் வண்டி கீச்சென்று கத்தியது. இன்ஜின் அலறுகிறது, சக்கரம் மேலே ஏறவில்லை. ரப்பர் கருகும் நாற்றம் வேறு. பின்னுக்கு உருட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம்.

அத்தானுக்கு அன்று விடுமுறை. வேறென்ன வேண்டும்?

"யாரும் பேசாதீங்க" என்றார். தலை சாய்ந்தது. கண் மூடியது. "ஆக்ஸிலேட்டர் குடு மச்சான்."

கொடுத்தேன். கீச்.

"இன்னும் கொஞ்சம்."

கீச்ச்ச்.

விரல் உயர்ந்தது. "பிளக்கு."

"இன்ஜின்தான் நல்லா கத்துதேங்க" என்றாள் அக்கா. "சக்கரந்தான் சரியா சுத்தல. அந்த சைடு கவரை ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாமே?"

அத்தான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கழட்டிப் பாத்தா யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சிடலாமேம்மா!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு மீதிப் பெட்டிகளைக் கட்டப் போய்விட்டாள்.

பிளக்கைத் துடைத்தோம். கீச். "பெட்ரோல்ல எவனோ தண்ணி கலந்திருக்கான்" என்றார். டாங்கியைக் காலி செய்து வேறு பெட்ரோல் ஊற்றினோம். கீச். டயரில் காற்று அதிகம் என்றார், குறைத்தோம். குறைவு என்றார், அடித்தோம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு தீர்ப்புக்கும் "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு அத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இனம் தனியாக வாழாது, பக்கத்தில் தலையாட்ட ஓர் ஆள் வேண்டும்.

வியர்வை வழிந்தது. அத்தான் பேன்ட் பையைத் துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டார். "பெல்ட்டா மட்டும் இருக்கவே இருக்காது" என்றார். "போன ஞாயித்துக்கிழமை நான்தானே வண்டியைக் கழுவினேன்? பெல்ட்டு இருக்கிற இடத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி போகவிடல. அவ்வளவு பக்குவமா கழுவினேன்."

இரண்டரை மணிக்கு அவருக்கு ஞானம் பிறந்தது. "சத்தம்னா என்ன மச்சான்? உரசல். உரசலுக்கு மருந்து?"

"எண்ணெய் அத்தான்."

"அவ்வளவுதான்!"

கவரின் பின்புறம் சூடு வெளியேற ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஸ்பிரே டப்பாவின் நீளக் குழலை நுழைத்து, கவரைக் கழற்றாமலே, பாதி டப்பா எண்ணெயை உள்ளே பீய்ச்சினார். பிடித்து இழுப்பதற்கென்றே இருக்கிற பெல்ட்டுக்கு எண்ணெய்! வழுக்குமரம் ஏறுகிறவன் உள்ளங்கையில் தடவுவானா இதை?

"இப்பக் குடு."

கொடுத்தேன். சத்தம் நின்றது. வண்டியும் நின்றது. முன்பாவது கத்திக்கொண்டே நாலடி நகரும். இப்போது இன்ஜின் மட்டும் சொகுசாகப் பாடியது, சக்கரம் கேட்டு ரசித்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.

"சத்தம் போச்சா இல்லையா?" என்றார் அத்தான் வெற்றியோடு. "இனி கோளாறு வண்டில இல்ல. சரிவுலதான்."

அக்கா திரும்பி வந்தபோது மணி இரண்டே முக்கால். வண்டியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. ஒரு வருஷ உழைப்பு அந்தப் பெட்டிகளில் இருந்தது.

"ரெண்டு பேரும் தள்ளிப் போங்க" என்றாள்.

ஸ்பானரை எடுத்தாள். எட்டு போல்ட்டும் கழன்றுவர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கவரைத் திறந்ததும் குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. பெல்ட்டின் இரு ஓரமும் கண்ணாடிபோல் மின்னின, ஓரிடத்தில் கருகி நூல் பிரிந்திருந்தது. மேலே எண்ணெய் அபிஷேகம்.

"பெல்ட்டு தேஞ்சது சரி. ஏன் இவ்வளவு சூடாச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பெல்ட்டைக் குளிர்விக்கக் காற்று உள்ளே வரும் மேல்குழாயில் விரலை விட்டாள். விரல் எதிலோ தட்டியது. பிடித்து இழுத்தாள்.

வந்தது. இன்னும் வந்தது. நீலக்கரை போட்ட ஒரு கைக்குட்டை, நாலாக மடித்தது.

கொட்டகையில் இப்போதுதான் நிஜமாகவே யாரும் பேசவில்லை.

"ஒரு வாரமா வீடு பூரா தேடினீங்களேங்க, இதைத்தானே?" என்றாள் அக்கா.

அத்தான் அதை வாங்கி, பிரித்து, பார்த்து, மறுபடி மடித்தார். "கழுவறப்ப தண்ணி போகக்கூடாதுன்னு வெச்சேன்." சற்று யோசித்தார். "போகலையே!"

தண்ணீர் போகவில்லைதான். காற்றும் போகவில்லை. வாரம் முழுக்க வெறும் வண்டியாக ஓடியவரை பெல்ட் பொறுத்தது. சுமை ஏறியதும் வெந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் அத்தான் மீசையில் மண் ஒட்டவில்லை. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். "காத்துலதான் கோளாறுன்னு. டயர் காத்துன்னு நீங்க எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

அக்கா அதற்குள் வேலையில் இறங்கியிருந்தாள். புல்லிகளின் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தாள். அலமாரியில் வைத்திருந்த மாற்றுப் பெல்ட்டை, பின்புல்லியை அகட்டிப் பிடித்து மாட்டினாள். எட்டு போல்ட்டும் ஏறின. மூன்றரைக்கு முதல் நடை. நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசிப் பெட்டியும் மேலே போய்ச் சேர்ந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன், தலையை மட்டும் ஆட்டவில்லை.

லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே இறங்கி எங்கள் வண்டியைப் பார்த்தார். தலையை இடப்பக்கமாகச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

"பேரிங்கு போயிடுச்சுங்க" என்றார்.

அத்தானின் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல வார்த்தை இல்லை. அவர்கள் இருவரும் தோளோடு தோள் நின்று பேரிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, முப்பது பெட்டியையும் அக்காவும் நானுமே ஏற்றினோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ரப்பர் கருகும் நாற்றம் என்று நான் எழுதியபோதே, "பெல்ட்டுதான், சந்தேகமே இல்லை" என்று மனத்துக்குள் ஒரு விரலை உயர்த்தினீர்களா, இல்லையா? அத்தான் பையைத் துழாவியபோது கைக்குட்டையையும் கண்டுபிடித்துவிட்டீர்களா? பலே. கவரைக் கழற்றினீர்களா?

போகட்டும், முதலில் உங்கள் கைக்குட்டை எங்கே இருக்கிறதென்று பாருங்கள்.