பதினோரு கிலோ புல்லுருவி

முட்டாள்களில் இரண்டு ரகம் உண்டு. சோம்பேறி முட்டாளால் ஊருக்கு நஷ்டமில்லை. நான் சுறுசுறுப்பான ரகம்.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த சமயம். ஊட்டி மலையில், கட்டபெட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வாரத்துக்கு இரண்டே நாள் வேலை. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மீதி ஐந்து நாளும், மாமனாருக்கு எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டில் படுத்துக் கிடந்தேன். என் மனைவி சாந்தி பொறுத்துக்கொண்டாள் (முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது).

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மேடம் வந்தார். இன்னொரு மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, அதன் சாற்றை உறிஞ்சியே பிழைக்கும் புல்லுருவிகளை ரகம் பிரித்து, எது எந்த ஊரில், எந்த மரத்தில் என்று வரைபடம் போடுகிறவர். (வீட்டோடு மாப்பிள்ளையான எனக்கு அந்தப் பிழைப்பை விளக்கத் தேவையிருக்கவில்லை.) மற்ற மரங்களில் புல்லுருவி சர்வசாதாரணம், பைன் மரத்தில் அபூர்வமாம். மலை முழுக்க அலைந்து அவர் கண்டுபிடித்தது எங்கள் எஸ்டேட் எல்லையில் நின்ற மூன்று பைன் மரங்களில் மட்டும்தான்.

"எப்பப் பூக்குது, எந்தக் குருவி வருதுன்னு தினம் பாத்து எழுதணும். ஒரு வாரம் என்கூட இருந்து பாருங்க. சரிப்பட்டா ஆறு மாசம் வேலை தர்றேன்" என்றார்.

அன்று சாந்தி எனக்கு இரண்டு முட்டை பொரித்தாள். மாமனார் என்னை முதல்முறையாக 'மாப்ளே' என்றார்.

மூன்றாம் நாள் மேடம் ஊட்டிக்குக் கிளம்பும்போது, "நான் சாயங்காலம் வர்றதுக்குள்ள சாம்பிள் எடுத்து வைங்க" என்றார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு இலை என்றால் கிலோ. கிலோ கூடினால் கெட்டிக்காரன். வேறு பாடம் யாரும் எனக்கு எடுத்ததில்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். பைன் பிசினில் பேண்ட் மரத்தோடு ஒட்டிக்கொள்ள, கால் மணி நேரம் அப்படியே தொங்கினேன். மேடம் அப்போது வந்திருந்தால் என்னையும் ஒரு புது ரகமாகக் குறித்திருப்பார்.

மூன்று மரத்துப் புல்லுருவியையும் வழித்துச் சாக்கில் கட்டி, நேராக இலை எடை போடும் கொட்டகைக்குப் போனேன். எடை போடும் ராசு அண்ணன் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதை எந்த ஃபேக்டரிடா எடுக்குது?"

"நம்ம தேயிலைய விட நல்லாப் போகுமுங்ண்ணா. நீங்க போடுங்க."

பன்னிரண்டு கிலோ இருந்தது. அவர் பழக்கதோஷத்தில் ஈரத்துக்கு ஒரு கிலோ கழித்து, பதினொன்று என்று சீட்டு எழுதினார்.

சாயங்காலம் மேடம் ஜீப்பிலிருந்து இறங்கியதும் சாக்கை அவிழ்த்து வைத்துச் சீட்டை நீட்டினேன். "பதினோரு கிலோங்க மேடம். ஈரம் போக."

அவர் சீட்டைப் படித்தார். சாக்கைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் படித்தார்.

"எனக்கு ரெண்டு கொப்பு போதுமே. மரத்துல எவ்வளவு மிச்சம் இருக்கு?"

எங்கள் மேஸ்திரி இப்படிக் கேட்டால் மிச்சம் வைத்தவனுக்குத்தான் திட்டு விழும். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒரு இலை கூட விடலைங்க."

மேடம் ஜீப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கும் என் வீட்டில் கறிவேப்பிலை பறிக்க என்னை விடுவதில்லை. வேறு ஆளில்லாமல் அனுப்பினாலும், "ஏனுங்க, மரத்த விட்டுட்டு வாங்க" என்று சாந்தி ஜன்னலிலிருந்து சொல்வாள். என் மருமகன் வரைக்கும் எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாந்தியிடம் என்ன சொல்வது என்ற கவலைதான். மேடம் எழுந்து ஜீப்பில் ஏறியதும், ஜன்னல் ஓரமாய்ப் போய்த் தலையைச் சொறிந்தேன்.

"மேடம், அந்த ஆறு மாச வேலைங்க?"

"எதைப் பாக்கறதுக்கு?" என்றார்.