மோட்டார் போடும் முறை

எழுதுவதற்கு முன் எதில் எழுதுவது என்று தீர்மானிப்பதே நாகரிகம். அந்த நாகரிகத்தின் சிகரத்தில் வாழ்ந்து, போன மாதம் மாரடைப்பால் அங்கிருந்தபடியே விடைபெற்றவர் என் கணவர்.

கணினித் துறைக்காரர். வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சுவிட்ச் போட்டு ஓட்டுவது பாமரத்தனம் என்று கருதி, அதை ஒரு சின்னக் கணினிப் பெட்டியோடு இணைத்திருந்தார். பெட்டிக்கு என்ன கட்டளை கொடுத்தால் மோட்டார் ஓடும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

"எனக்கும் எழுதி வெச்சிடுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"எழுதறது ஒரு வேலையா? எந்த எடிட்டர்ல எழுதறதுங்கறதுதான் வேலை."

"பேப்பர்ல எழுதுங்க."

அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காய்கறிக் கத்தியை நீட்டியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கணினியில் எழுத உதவும் எடிட்டர் மென்பொருள்களில் எது சிறந்தது என்ற 'ஆய்வு' தொடங்கியது. ஓர் எடிட்டரில் எழுத்து கண்ணை உறுத்தியது. இன்னொன்றில் எல்லாம் சரி. உள்ளே போனவருக்கு அதை மூடிவிட்டு வெளியே வரத்தான் வழி தெரியவில்லை. வேறொன்றில் பின்னணி கறுப்பா கருநீலமா என்ற கவலையில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எடிட்டர் மாறும்போதெல்லாம் பழைய குறிப்புகளைப் புதியதில் குடியேற்றும் திருப்பணி வேறு.

அவர் போன சில நாளில், மின்சாரம் போய் வந்ததில் பெட்டி படுத்துவிட்டது. தொட்டி வறண்டது. பக்கத்து வீட்டு வாசலில் வாளியோடு நின்றேன்.

"கம்ப்யூட்டர் வெச்சுத் தண்ணி ஏத்தற வீடாச்சே!" என்றபடி அந்த அம்மாள் குழாயைத் திறந்துவிட்டார்.

கொழுந்தனை வரவழைத்தேன். அவனும் அதே துறை. அண்ணனின் கணினியைத் திறந்ததும் கண் கலங்கினான்.

"எவ்ளோ அழகா அடுக்கி வெச்சிருக்கார் பாருங்க அண்ணி! தேடவே வேணாம்."

உண்மைதான். 'வீடு', அதற்குள் 'தண்ணீர்', அதற்குள் 'மோட்டார் போடும் முறை'. தலைப்பு இளநீலத்தில் ஜொலித்தது. அதன்கீழ் ஒரே வரி: 'நல்ல எடிட்டர் முடிவானதும் எழுத வேண்டும்.'

கொழுந்தன் திரையை உற்றுப் பார்த்தான்.

"அடடா, இந்த எடிட்டரையா வெச்சிருந்தார்? இதைத் தூக்கிச் சாப்பிடற மாதிரி புதுசா ஒண்ணு வந்திருக்கு அண்ணி. முதல்ல எல்லாத்தையும் அதுக்கு மாத்திடறேன். அப்புறம் தண்ணியைப் பார்க்கலாம்."

வம்சம் வாழ்க!

அவன் மாற்றிக்கொண்டிருக்கட்டும் என்று வீட்டின் பின்புறம் போனேன். பெட்டியில் செருகியிருந்த மோட்டார் பிளக்கைப் பிடுங்கி, நேரே சுவர் சாக்கெட்டில் செருகினேன். மோட்டார் உறுமியது. அவர் போனபிறகு தேவைப்படாமல் கிடந்த என் புருவப் பென்சிலை எடுத்து வந்து சுவரில் எழுதினேன்: 'இங்கே செருகினால் தண்ணீர் ஏறும்.'

சத்தம் கேட்டு ஓடிவந்த கொழுந்தன் பதறிப்போனான்.

"என்ன அண்ணி, சுவத்துல போய் எழுதிக்கிட்டு! ஒரு தடவை ஈரம் பட்டா அழிஞ்சிடுமே!"

"அழிஞ்சா அழியட்டும் தம்பி. உங்க அண்ணன் குறிப்புதான் என்னிக்கும் அழியாது. அழியறதுக்கு அதுல ஏதாவது எழுதியிருந்தாத்தானே!"