தூசி ஒட்டாத மெத்தை

“தூசியே ஒட்டாது மேடம். மூக்கு அலர்ஜி இருக்கிறவங்களுக்குன்னே செஞ்ச மெத்தை…”

அதற்கு மேல் விற்பனையாளரால் பேச முடியவில்லை. தும்மல் வந்துவிட்டது. ஒன்றோடு விட்டதா? ஒன்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த அம்மாள் கடை வாசலைத் தாண்டியிருந்தார்.

அந்த வாரத்தில் இப்படி ஓடியவர்களில் அவர் நான்காவது ஆள். கல்லாவில் இருந்த பெண் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அண்ணே, முதலாளி காதுக்குப் போச்சுன்னா சீட்டு கிழிஞ்சிடும். முதல்ல டாக்டரைப் பாருங்க.”

பார்த்தார். சோதனையெல்லாம் முடித்துவிட்டு டாக்டர் சொன்னார்: “தூசிப்பூச்சி. கண்ணுக்கே தெரியாது. நாள்பட்ட மெத்தை, தலகாணி, தரைவிரிப்பு, இதுலதான் குடித்தனம் பண்ணும். அதோட எச்சம் மூக்குல ஏறினா தும்மல், நெஞ்சுல இறங்கினா இழுப்பு. பழைய மெத்தை பக்கமே போகாதீங்க. ஆமா, எங்க வேலை?”

“மெத்தைக் கடையில சார்.”

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு பேனாவை மறுபடி திறந்து, இன்ஹேலரும் மாத்திரையும் எழுதித் தந்தார். “மாத்திரை படுக்கப்போறப்ப மட்டும். ஆளை அசத்திடும்.”

மறுநாள் கடை திறந்ததும் எதிரியை ஒழித்துக்கட்டக் கிளம்பினார் விற்பனையாளர். ஆறு வருஷமாக ஊரே உருண்டு பார்த்த காட்சி மெத்தையைத் தடியால் வெளுத்து வாங்கினார். பூச்சி செத்ததோ இல்லையோ, கிளம்பிய தூசியில் அவருக்குத்தான் இழுப்பு வந்தது. இன்ஹேலரை இரண்டு தரம் உறிஞ்சிய பிறகே மூச்சு திரும்பியது.

சரி, மூக்கையாவது மூடுவோம் என்று முகக்கவசம் மாட்டினார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது.

“உடம்பு சரியில்லையாண்ணே?” என்றாள் மணப்பெண்.

“எனக்கு ஒண்ணுமில்லைம்மா. மெத்தையில இருக்கிற பூச்சிக்குத்தான்…”

நேற்றைய அம்மாளைவிட இவர்கள் வேகம்.

பதினோரு மணிக்குக் கல்லாப் பெண் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணே, மத்தியானம் முதலாளி வர்றாராம். வியாபாரம் ஏன் படுத்துடுச்சுன்னு உங்களைத்தான் கேக்கணுமாம்.”

அவர் எதிரில் தும்மினால் கதை முடிந்தது. விற்பனையாளர் பதற்றத்தில் மாத்திரையை எடுத்து விழுங்கினார். அரை மணியில் தும்மல் அடங்கியது. கூடவே இமையும் கனத்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

கண் விழித்தபோது மணி நாலு. மேலே ஒரு புதுப் போர்வை, விலைச்சீட்டோடு.

“ஐயையோ! முதலாளி வந்தாரா?”

“வந்தாரு.”

“என்னைப் பார்த்தாரா?”

“ரொம்ப நேரம் பார்த்தாரு.”

“போச்சு! ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

கல்லாப் பெண் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்கண்ணே. மெத்தைக் கடைக்கு வந்தாலே தனக்கும் தும்மல்னு அவரும் அதே மாத்திரையைப் போட்டுக்கிட்டுதான் வந்திருக்காரு. பக்கத்துக் கட்டில்ல தூங்குறாரு.”