கோர்டி இறங்க மறுத்த வண்டி

பிரதர் டெல்மர் கை வைத்தால் வண்டியில் இருக்கும் பேய் பேசும். இதை எங்கள் டெல்வுட்டில் நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மெக்கானிக் டெஸ். இன்னொருவர் பிரதர் டெல்மர்.

மற்ற எல்லோரும் நம்பினோம். விஸ்கான்சினின் பாதிக் கிராமங்கள் ஹார்வியின் மதுக்கடை வாசலில் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நிற்கும்போது, நான் மட்டும் நம்பாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? என் துணி துவைக்கும் கடை அதற்கு அடுத்த கட்டடம். என் சன்னலைத் துடைத்து வைத்தால் வாகன நிறுத்தம் முழுக்கத் தெரியும். அந்த ஏப்ரல் மாதம் தினமும் துடைத்தேன்.

வரிசையில் நின்றவர்களை ஏதோ ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கிலி எவ்வளவு தொய்வாக இருக்கலாம் என்று அடிக்கோல் வைத்து அளப்பவர்கள். எந்த எண்ணெய் உசத்தி என்று மூன்று மணி நேரம் வாதாடி, கடைசியில் பெண் கொடுத்த சம்பந்தியோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். புது டயர் வாங்க எட்டு மாதம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பேய் என்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை.

டெல்மரின் தத்துவம் எளிமையானது. பழைய வண்டி கைமாறும், பழைய ஆள் மாறமாட்டான். செத்த பிறகும் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். புது வண்டிகளில் இந்தத் தொல்லை கிடையாதாம். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் பேய்க்கு ஒத்துக்கொள்ளாதாம். எனக்கும் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்வதில்லை என்பதால், அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாடி. முழங்கை முதல் மணிக்கட்டு வரை குஞ்சம் தொங்கும் தோல் சட்டை. வண்டிக்கு இடது பக்கமாக வந்து மண்டியிடுவார். "முறுக்கு, நல்லா முறுக்கு, அவனுக்குக் கோபம் வரட்டும்" என்பார். வண்டிக்காரர் முறுக்குவார். டெல்மர் பெட்ரோல் டேங்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்வார். ஒரு நிமிடம் போகும். சில வண்டிக்கு ஒன்றரை. பிறகு தலையை நிமிர்த்தி, "நீ இருக்கேன்னு காட்டு" என்பார். எஞ்சின் இரண்டு முறை இருமும். அணைந்துவிடும்.

கூட்டம் மூச்சை இழுக்கும். ஹார்வி இன்னொரு பீப்பாயைத் திறப்பார்.

சின்னப் பேய் என்றால் ஒரு குட்டி மணி போதும். வண்டியின் அடியில் கட்டிவிடுவார். டேங்கை இன்னொரு முறை அணைத்துக்கொண்டதும் எஞ்சின் பழையபடி ஓடும். மணியை அவர் விற்கமாட்டார். காசுக்கு வாங்கிய மணி பலிக்காது, பிறர் அன்பளிப்பாகத் தர வேண்டும் என்பது வண்டிக்காரர்களின் பழைய நம்பிக்கை. ஆகவே அவர் மணியை அன்பளிப்பாகத் தருவார். நாம் நாற்பது டாலரை அன்பளிப்பாகத் தருவோம். விற்பனை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பெரிய பேய்க்கு மணி போதாது. வண்டியே ஊரைவிட்டுப் போக வேண்டும். அதற்காகவே டெல்மரின் மைத்துனன் ரஸ்டி ஒரு டிரெய்லரோடு ஓரமாக நிற்பான். வண்டிக்காரருக்கு ஏதோ கைச்செலவுக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை அயோவாவில் ஆவிகள் இளைப்பாறும் பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போவான். பெரிய பேய்கள் எல்லாம் பளபளப்பான, அரிதான வண்டியாகப் பார்த்துத்தான் ஏறியிருந்தன. துருப்பிடித்த வண்டிகளில் எப்போதும் சின்னப் பேய்தான். பேய்க்கும் ரசனை இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் ஊர்த் தபால்காரன் டுவெய்னின் வண்டி குளிர்காலம் முடிந்ததிலிருந்து திணறிக்கொண்டிருந்தது. ஏரியில் மூழ்கிப்போன மீனவன் ஒருவன் உள்ளே இருப்பதாக டெல்மர் கண்டுபிடித்தார். டெஸ் அதைக் கேட்டுவிட்டு, "அக்டோபர்ல ஊத்துன பெட்ரோலே இன்னும் உள்ளே கெட்டுப்போய் இருக்கு. அதுதான் மூழ்கிக் கிடக்கு" என்றாள். டுவெய்ன் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மணியைக் கட்டிக்கொண்டான்.

இது வரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு மார்லிஸ் வந்தாள்.

மார்லிஸின் கணவர் கோர்டி நவம்பரில் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், இரண்டாவது தட்டுப் பெர்ச் மீன் பாதியில் இருக்கும்போது மாரடைப்பு. அவர் விட்டுப்போனது எழுபத்தெட்டாம் வருடத்து நாலு சிலிண்டர் வண்டி. கரும்பச்சை டேங்க். நாற்பது வருடம் ஒவ்வொரு பனிக்காலமும் அதைக் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் சோபாவுக்கும் நடுவே நிறுத்திவைத்தார். மார்லிஸ் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தே கிழவியானாள். ஓட்ட மட்டும் அவளை விட்டதில்லை. பின்சீட்டுதான்.

அறுபத்தாறு வயதில் மார்லிஸ் பயிற்சி வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கினாள். டுலூத்தில் இருக்கும் மகள் வீடு வரை கோர்டியின் வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். ஆகவே ஊருக்கே தெரியும்.

போகும் முன் ஒரு ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவந்தாள். டெல்மர் டேங்கை அணைத்தார். கண்ணை மூடினார்.

"மீன் வாசனை வருது" என்றார். "பெர்ச். ரெண்டாவது தட்டு. முழுசாச் சாப்பிடல அவரு."

எஞ்சின் அணைந்தது. பத்து முறை தட்டியும் கிளம்பவில்லை.

"அவரு இறங்கமாட்டேங்கிறாரும்மா. இது என் வண்டி, இவ முன்சீட்டுல உக்காரக் கூடாதுங்கிறாரு. மீறி ஓட்டினீங்கன்னா ஏதாவது ஒரு வளைவுல தள்ளி விட்டுருவாரு."

நம்பும்படிதான் இருந்தது. உயிரோடு இருந்தபோதும் கோர்டி அப்படித்தான்.

ஞாயிறு காலை ரஸ்டியின் டிரெய்லரில் ஏற்றுவதாக முடிவாயிற்று. அதற்குள் வண்டியைத் தன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஓட வைத்தது டெஸ்தான். என்ன பழுது என்பதை மட்டும் ஞாயிறு வரை தனக்குள் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மார்லிஸ் சாவியை வாங்கப் பட்டறைக்குப் போனாள். நானும் போனேன். என் கடையில் யாரோ விட்டுப்போன காலுறை ஒன்று டெஸ்ஸுடையதாக இருக்கலாம் என்று எனக்குத் திடீரென்று தோன்றியது.

"கோர்டி கோபமா இருக்காராம்" என்றாள் மார்லிஸ்.

"கோபப்பட்டா அவரு என்ன பண்ணுவாரு?"

"மூணு நாள் பேசமாட்டாரு."

"ஆனா பிரதர்கிட்ட பேசுறாரே. நாப்பது வருஷம் கூட இருந்த உங்ககிட்ட ஒரு வார்த்தை இல்ல, நேத்து வந்த தாடிக்காரன்கிட்ட சாப்பாட்டுக் கணக்குச் சொல்றாரா?"

"மீன் விஷயம் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும், டெஸ்? அதச் சொல்லு."

டெஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "பிரதர் தன் துணியெல்லாம் எங்க துவைக்கிறாரு?"

நான் காலுறையைப் பார்த்தேன். நல்ல காலுறை. மூன்று வாரமாகப் பிரதர் டெல்மர் என் கடையில்தான் சட்டை துவைத்தார். காயவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படிக் கேட்கும் ஆணை நான் அதுவரை கண்டதில்லை. கோர்டியின் இரண்டாவது தட்டைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருந்தேன்.

"நான் எல்லாருக்கும்தான் சொன்னேன்" என்றேன்.

"சரி விடுங்க" என்றாள் டெஸ். "மார்லிஸ், நாளைக்கு ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பிரார்த்தனை பண்ணச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கட்டும். கோர்டி உள்ள இருந்தா டிரெய்லர்ல நானே ஏத்தி விடுறேன்."

ஞாயிறு காலை நல்ல வெயில். பொரித்த பாலாடைக்கட்டித் தட்டுகளோடு முந்நூறு பேர். டெல்மர் வருவதற்குச் சற்று முன் டெஸ் வண்டியின் அருகே குனிந்து, ஒரு சின்ன டப்பாவிலிருந்து பிரஷ்ஷால் எதையோ தடவியதை என் சன்னல் பார்த்தது. எண்ணெய் போடுகிறாள் என்று நினைத்தேன்.

டெல்மர் இடது பக்கம் மண்டியிட்டார். மார்லிஸ் முறுக்கினாள். பிரார்த்தனை தொடங்கியது. கோர்டியின் நல்ல குணங்களைச் சொன்னார், சிக்கனமான பட்டியல். "நீ இருக்கேன்னு காட்டு, கோர்டி" என்றார்.

எஞ்சின் இருமியது. அணைந்தது.

பெண்கள் சிலர் அழுதார்கள். டெல்மர் களைத்துப்போய் நெற்றியைத் துடைத்தார். தாடியை நீவினார். மூக்கைத் தேய்த்தார். ஆறுதலாக மார்லிஸின் தோளில் கை வைத்தார்.

முதலில் சிரித்தது ஹார்வி. பிறகு முன்வரிசை. பிரதர் டெல்மரின் நெற்றியில் பளபளவென்று ஒரு வெள்ளிப் பட்டை. தாடியில் மூன்று வெள்ளிக் கோடுகள். மூக்கு நுனி கிறிஸ்துமஸ் மரத்து உருண்டை மாதிரி மின்னியது. மார்லிஸின் தோளில் நாலு வெள்ளி விரல்.

திருகாணி இறுகிப்போகாமல் இருக்கப் பூசும் வெள்ளிப் பசை அது. பட்டறை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொட்டு விரலில் பட்டால் மாலைக்குள் கதவு, சட்டை, பிள்ளை, நாய் எல்லாவற்றிலும் இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. இதை என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.

"என்ன பிரதர் இது?" என்றாள் டெஸ்.

டெல்மர் விரலைப் பார்த்தார். மனிதர் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. "ஆவியோட சாம்பல்" என்றார்.

"அந்தச் சாம்பல நான் ஒரே ஒரு இடத்துலதான் தடவுனேன். டேங்குக்கு அடியில, இடது பக்கம், பெட்ரோல் டேப்புல."

அங்கே நின்ற முந்நூறு பேருக்கும், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் அந்த டேப்பைத் தெரியும். பழைய வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அவர்கள் கையே தானாகப் போய் அதை மூடும். மூடினாலும் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். முறுக்கினால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு இருமி அணையும். ஒரு பிரார்த்தனைக்குச் சரியான அளவு.

"தற்செயலாப் பட்டிருக்கும்" என்றார் டெல்மர்.

"இருக்கலாம். இன்னொரு தடவ பண்ணுங்க. ரெண்டு கையையும் பாக்கெட்டுல போட்டுக்குங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வேண்டுங்க, நாங்க எங்கயும் போகல."

டெஸ் டேப்பைத் திறந்தாள். மார்லிஸ் பொத்தானை அழுத்தினாள். வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. டெல்மர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கோர்டியை அழைத்தார். இரண்டு நிமிடம் போயிற்று. கோர்டியின் தந்தையை அழைத்தார். நாலு நிமிடம். ஏரியில் மூழ்கிய மீனவனைக்கூட உதவிக்குக் கூப்பிட்டார்.

"அவன் என் ஆளு" என்றான் டுவெய்ன்.

பத்தாவது நிமிடம் டெல்மருக்குத் தெரிந்த பிரார்த்தனையெல்லாம் தீர்ந்து, தேசிய கீதத்தின் இரண்டாவது வரியில் நின்றார். எஞ்சின் தையல் இயந்திரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"சூடாகுது, போதும்" என்றாள் டெஸ். பிறகு ஒற்றை விரலால் டேப்பை மூடி, மார்லிஸை முறுக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்க எண்ணினாள். எழுபத்தொன்றில் வண்டி இருமி அணைந்தது. "எனக்கும் இனிமே தாடி வளக்கணும் போல இருக்கு" என்றாள்.

ரஸ்டி டிரெய்லரைக் கிளப்பப் பார்த்தான். ஹார்வி தன் பீர் லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். டுவெய்ன் போனில் தேடியதில், ஆவிகள் இளைப்பாறும் பண்ணை விற்பனை விளம்பரப் பக்கத்தில் அகப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து போன ஒன்பது வண்டிகளும் படத்தோடு இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் "அருமையான ஓட்டம், எந்தக் குறையும் இல்லை" என்று எழுதியிருந்தது. ஷெரிஃப் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டபோது, காரின் கதவெல்லாம் வெள்ளியாயிற்று.

"ஆனாலும் டெஸ்" என்றான் டுவெய்ன், மணியைத் தடவிக்கொண்டே. "இதக் கட்டுனதுலேர்ந்து எனக்கு ஒரு விபத்துகூட இல்ல."

"வண்டி எத்தன தடவ கிளம்பிச்சு?"

டுவெய்ன் யோசித்தான். "கிளம்பல."

மார்லிஸ் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முன்சீட்டில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள். டேப்பைத் தானே திறந்தாள். விரல் வெள்ளியானது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "கோர்டி, பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வடக்கே டுலூத் பாதையில் போனாள். ஒரு வளைவிலும் யாரும் தள்ளிவிடவில்லை. அன்று சாயங்காலமே மகள் வீட்டிலிருந்து போன் வந்தது.

போகும் முன் அவள் தலைக்கவசத்தை மாட்டி வாரை இறுக்கியதைப் பார்த்தேன். எங்கள் மாநிலத்தில் பெரியவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் அந்த முந்நூறு பேரில் பலர் விலையுயர்ந்த கவசமாக, பல மாதம் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதை இவ்வளவு பத்திரமாகப் பாதுகாக்கிறோமே, அப்பப்போ எடுத்துக் கொஞ்சம் உபயோகித்தால் என்ன குறைந்துவிடும்?